எட்டு ஆள் எடை

தம்பி நெவில் மீன்தொட்டி வாங்கினான். ஆறடி நீளம். தண்ணீர், மணல், கல் எல்லாம் சேர்த்தால் எண்ணூறு கிலோ. அதை மாடிக்கூடத்தில் சோபாவுக்கு நேர் எதிரே, டிவிக்குக் கீழே வைப்பது அவன் கனவு.

ஆஸ்திரேலியாவின் இப்ஸ்விச்சில் எங்கள் தெரு முழுக்கத் தூண்மேல் நிற்கும் மரவீடுகள். எங்கள் வீட்டில் கீழே கான்கிரீட் போட்டு, தடுப்பு வைத்து, அறையாக்கியிருந்தார்கள். விவாகரத்துக்குப் பிறகு அங்கே நான். தலைக்குமேல் மாடியின் விட்டங்கள் அப்படியே தெரியும். தொட்டி வரப்போகும் இடத்துக்கு நேர்கீழே என் கட்டில். நகர்த்த வழியில்லை. மீதி இடத்தில் அவன் படகு.

"நெவில், நீ வைக்கிற வாக்குல மொத்த எடையும் ஒரே விட்டத்துல உக்காரும். திருப்பி, பக்கத்துச் சுவரோரமா வையி. நாலு விட்டம் பங்கு போட்டுக்கும், கீழ தூணும் இருக்கு."

"சோபாவுல இருந்து தெரியாதே."

"கழுத்தத் திருப்பு."

"நீ தையல் டீச்சர் நோலின். கட்டடத்தப் பத்தி எனக்குத் தெரியும்."

அவன் பழைய கார் விற்கிறான்.

"ஒரு இன்ஜினியரையாவது கூப்பிடு."

"எதுக்கு? என் ஆளுங்க இருக்காங்க."

சனிக்கிழமை மேட்ச் பார்க்க நண்பர்கள் வந்தார்கள். எட்டுப் பேர். ஆளுக்கு நூறு கிலோ குறையாது. தரையில் சாக்பீஸால் தொட்டியின் அளவுக்குக் கட்டம் போட்டு, அதற்குள் பீரும் கையுமாக நெருக்கியடித்து நின்றார்கள். நான் கீழே வாசலில் நின்று விட்டத்தைப் பார்த்தேன். கொஞ்சம் வளைந்தது. தலையணையில் தூசி விழுந்தது.

"இப்ப குதிங்கடா!"

ஓர் ஆணி விழுந்தது.

"தாங்குது!" மேலே கைதட்டல்.

நான் மாடிக்குப் போனேன். "மேட்ச் முடிஞ்சதும் இவங்க போயிடுவாங்க. தொட்டி போகாது நெவில்."

"ட்ரெவரும் போகமாட்டான். அவன் பொண்டாட்டி கதவு தெறக்கறதில்ல," என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

"அப்ப பயமே இல்லயா நெவில்?"

"துளிகூட இல்ல."

"சரி. தண்ணி ரொப்புற அன்னிக்கு என் கட்டில்ல நீ படு."

சிரிப்பு நின்றது. ட்ரெவர் பீரைக் கீழே வைத்தான். "மச்சான், வெல ஜாஸ்தியான மீனு. ரிஸ்க் எடுக்காத."

நெவில் அன்று முதன்முறையாக என்னோடு கீழே இறங்கி வந்தான். விட்டத்தைப் பார்த்தான். பிறகு கான்கிரீட்டைப் பார்த்தான்.

"இதுதாண்டா தொட்டிக்கு எடம்!" என்று மேலே கத்தினான். புத்திசாலித்தனமான முடிவு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

"நான்?"

"உனக்கென்ன, அறுபது கிலோ. மாடி தாங்கும்."

படகை நகர்த்தலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. உடனே கட்டிலைத் தூக்கினார்கள். மாடியில் இரண்டே அறைகள்: ஒன்று அவனுக்கும் மனைவிக்கும், மற்றது அவன் உடற்பயிற்சிக் கருவிகளுக்கு. மழைச்சாரல் அடிக்கும் பின்வராந்தாவை அவன் கைகாட்டினான். நான் சாக்பீஸ் கட்டத்தைக் கைகாட்டினேன்.

"டிவிக்கு முன்னாடியா?" என்றான் ட்ரெவர்.

"அங்க தாங்கும்னு நீங்கதான குதிச்சுக் காட்டினீங்க?"

கட்டில் கனமாக இருந்தது. இறக்கினார்கள். நான் படுத்துப் போர்த்திக்கொண்டேன். மேட்ச் ஆரம்பித்தது.

"சத்தத்தக் கொறைங்க. தூங்கணும்."

எட்டுப் பேரும் பீரை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். நெவில் மட்டும் நின்றான்.

"எத்தன நாளைக்கு நோலின்?"

"உன் மீனுங்க என் ரூமக் காலி பண்றவரைக்கும்."