ரெஸ்தியின் ஒலிநாடா

சான் இலாரியோ வானொலி நிலையம் தன் பழைய ஒலிநாடாக்களை இணையத்தில் ஏற்றப் போகிறது என்று அறிவித்ததும் ஊரே கொண்டாடியது. செல்போன் வராத காலத்தில் தீவுக்குத் தீவு சேதி சொல்ல அந்த நிலையத்தை விட்டால் வேறு கதி கிடையாது. அம்மாவுக்கு முடியவில்லை, அடுத்த படகில் வா. பன்றியை விற்றாகிவிட்டது, பள்ளிக்கூடத்துக்குப் பணம் வருகிறது. கோபித்துக்கொண்டு போனவளே, பிள்ளை அழுகிறான். இப்படி எல்லாவற்றையும் நிலையத்துக்கே வந்து மைக் முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். 'அழைப்பு நேரம்' என்று காலையில் ஒலிபரப்பாகும். வீட்டுக்குள் பேச வேண்டியதை எல்லாத் தீவுக்கும் கேட்கப் பேசுகிறோமே என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பேசினால் காற்றோடு போய்விடும் என்று நினைத்தார்கள்.

எங்கே போனது? நிலையத்தார் அத்தனையையும் பதிவுசெய்து பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார்கள். இப்போது ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தார்கள். பெயரைப் போட்டுத் தேடினால் ஆள் வந்து நிற்கும். செத்துப்போன அப்பன், அத்தை, அண்ணன் குரலையெல்லாம் கேட்டு ஜனங்கள் அழுதுகொண்டே ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள்.

படகுத்துறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சீமாவை ஊரே 'மானாங்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். அவளுக்கு அழைப்பு வந்தபோது அவள் மீன் சூப்பில் முருங்கைக்கீரை உருவிப் போட்டுக்கொண்டிருந்தாள். கம்பாயான் தீவிலிருந்து தம்பி மகள் ரெஸ்லின். அத்தையைத் 'தியா' என்றுதான் கூப்பிடுவாள்.

"தியா! அப்பா குரல் கெடச்சிருச்சு தியா!"

சீமா கீரையைக் கீழே வைத்தாள். தம்பி ரெஸ்தி கடலில் செத்துப்போனபோது ரெஸ்லின் வயிற்றில் இருந்தாள். அப்பன் பெயரை ஒட்டித்தான் அவளுக்குப் பெயரே வைத்தார்கள். அவளிடம் இருந்ததெல்லாம் மங்கிப்போன போட்டோதான்.

"எங்கடி கெடச்சுது?"

"வானொலிக்காரங்க இணையப் பக்கத்துல, பட்டியல்ல பேர் வந்திருக்கு. ஒலிநாடாவ இன்னும் ஏத்தல. நான் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன், அடுத்த வாரம் ஏத்துறாங்களாம். இருங்க, வாசிக்கிறேன். 'கம்பாயான் ரெஸ்தித்தூத்தோ, தன் அக்கா துல்சிசிமாவை, பல்பினோவின் மனைவியை, வீடு திரும்ப அழைக்கிறார்.' உங்க பேரும் இருக்கு தியா! எல்லாருக்கும் அனுப்பப் போறேன்!"

ரெஸ்தித்தூத்தோ என்பது ரெஸ்தியின் முழுப்பெயர், துல்சிசிமா என்பது சீமாவின் முழுப்பெயர். பல்பினோ அவளைக் கட்டினவன்.

"அனுப்பாதடி இப்போ. முழுசா வரட்டும்" என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

விஷயம் இதுதான். பல்பினோவின் அடி தாங்காமல் சீமா தீவை விட்டு ஓடி வந்தாள். படகேற்றி விட்டவனே ரெஸ்திதான். சான் இலாரியோவில் இதே கடையில் பாத்திரம் கழுவ வந்தவளை, எதிர்ச்சாரியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் புலோ பார்த்தான், பிடித்துப்போயிற்று, சேர்ந்து வாழ்ந்தார்கள். இந்த நாட்டில் கட்டினவனைச் சட்டப்படி விலக்கிவிட வழியே கிடையாது. அதனால் புலோ கோயிலில் போய்க் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று கேட்கும்போதெல்லாம் அவள் ஏதாவது சாக்குச் சொன்னாள். புயல் வரட்டும், போகட்டும், கடைக்குக் கூரை போடட்டும், பெரியவர் ஒருத்தர் செத்திருக்கிறார், வருஷம் திரும்பட்டும். புலோ சிரித்துக்கொண்டே விட்டுவிடுவான். "என் பொண்டாட்டிக்கு மோதிரம்னா அலர்ஜி" என்று கூட்டாளிகளிடம் சொல்வான். முன்னால் ஒருத்தன் இருந்தான் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

பல்பினோ குடித்துச் செத்துப் பல வருஷமாயிற்று. அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் கோயில் பதிவில் விதவை என்று எழுத வேண்டி வரும், இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று புலோ கேட்பான், அதற்கு என்ன பதில் சொல்வது? பொய்யென்றால் ஒருநாள் பொய் இல்லை, ஒரு வாழ்நாள் பொய். அதைத் தூக்கி அவன் மடியில் போட அவளுக்கு மனசு வரவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்த ஆளின் நம்பிக்கை.

போனில் நிலையத்தின் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். பட்டியலில் அவள் பெயரும் பல்பினோ பெயரும் கொட்டை எழுத்தில் கிடந்தன, ஊரில் எவன் வேண்டுமானாலும் பார்க்கலாம். கீழே ஒரு கட்டம். 'உங்கள் கருத்தை, வேண்டுகோளை, ஆட்சேபத்தை இங்கே எழுதவும்.' அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி என்னவோ எழுதியிருந்தது, அதை யார் படிக்கிறார்கள். பெயர், ஊர், தொழில், தொலைபேசி எண் எல்லாம் கேட்டது, எல்லாவற்றையும் கொடுத்தாள். காரணம் என்ன என்று கேட்டது. அங்கேதான் அவள் கட்டை விரல் கொஞ்சம் தயங்கியது. காரணம் சரியாகச் சொல்லாவிட்டால் எடுக்க மாட்டார்களோ என்று பயந்து, எவருக்கும் சொல்லாததை அதில் எழுதினாள். எழுதி அனுப்பியதும் மனசு லேசானது. அன்று நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

இந்த நிலையத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. நேயர்களிடமிருந்து எது வந்தாலும் பெயரோடு முழுசாக வாசிப்பார்கள். பிறந்தநாள் வாழ்த்தோ, தொலைந்துபோன ஆட்டைப் பற்றிய புலம்பலோ, கடிதமோ, போனில் வரும் சேதியோ, வாசிக்காமல் விட்டால் நேயர் மனசு நோகும். 'அழைப்பு நேரம்' நடத்தும் எலியோ மூத்த அறிவிப்பாளர். வெற்றிலைச் சாற்றில் நனைந்த மாதிரி ஒரு குரல். ஒருத்தர் கடிதத்தையும் ஒதுக்கியதில்லை என்று பெருமை பேசுவார். இணையத்துக் கட்டத்தில் விழுவதும், வாழ்த்துகளும், அவர் மேசைக் கணினியில் ஒரே இடத்தில்தான் வந்து சேர்ந்தன. பிரித்து வைக்க வேண்டும் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை. கடையில் சுமைகூலிகளும் ஜீப்னி ஓட்டுநர்களும் உட்கார்ந்து ஆவியில் வெந்த பூத்தோவும் சூடான சாக்லேட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே பட்டறையில் புலோ ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தான். இரண்டு இடத்திலும் ஒரே வானொலி.

"அடுத்து நம்ம படகுத்துறையிலிருந்தே ஒரு சேதி!" என்றார் எலியோ. "சாப்பாட்டுக் கடை மானாங் சீமா! உங்க மீன் சூப்பு எனக்கு உசிரு மானாங்! கடையில இருக்கிற எல்லாருக்கும் காலை வணக்கம்!"

கடையில் கைதட்டினார்கள். "மானாங், பெரிய ஆளாயிட்டீங்களே!" என்றான் ஒரு ஓட்டுநர். சீமாவுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. வானொலியை அணைக்கத் தாவினாள். அணைத்து என்ன பிரயோஜனம், எதிர்ப்பக்கம் ஓடுகிறதே.

"'மதிப்புக்குரிய ஐயா'ன்னு எழுதியிருக்காங்க. 'என் தம்பி ரெஸ்தியின் ஒலிநாடாவைத் தயவுசெய்து ஏற்ற வேண்டாம். பட்டியலில் இருந்தும் பெயரை எடுத்துவிடுங்கள். பல்பினோ என்ற முதல் புருஷன் எனக்கு இருந்தது இப்போது என்னோடு வாழும் புலோவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்...'" குரல் நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது. "ஐயையோ. நேயர்களே... நேயர்களே, இப்ப வாசிச்சத யாரும் கேக்காத மாதிரி இருந்துக்கங்க. பாட்டுப் போடுறோம்."

பாட்டு வந்தது. கடையில் ஒருத்தரும் மெல்லவில்லை. ஓட்டுநர்கள் காசை மேசையில் வைத்துவிட்டுப் பூனை மாதிரி நழுவினார்கள்.

புலோ தெருவைக் கடந்து வந்தான். வாசல் குழாயில் கை கழுவினான். கிரீஸ் போகிறவரை கழுவினான். ரொம்ப நேரம் பிடித்தது.

"நெசமா?"

"நெசந்தான்."

"அந்தாளு உசிரோட இருக்கானா?"

"செத்துட்டான். எட்டு வருஷமாச்சு."

அவன் தலையாட்டினான். கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"புருஷன் இருந்தான்னு நீ மறைச்சது கூட சரி, பயம்னு வச்சிக்கறேன்" என்றான். "ஆனா சீமா, எங்கிட்ட சொல்ல வாய் வரல. எவன் படிப்பான்னே தெரியாத ஒரு பொட்டில எழுதிப் போட மட்டும் கை வந்துச்சா?"

புலோ துணிமணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டான். வேறு எங்கேயும் போகவில்லை, எதிரேதான். ஆனால் அந்தத் தெரு அன்றைக்குக் கடலை விட அகலமாக இருந்தது.

நிலையத்தார் பதறிப்போய் ரெஸ்தியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடியோடு எடுத்தார்கள். அதில் மட்டும் அப்படி ஒரு சுறுசுறுப்பு. ஆனால் அன்றன்றைய நிகழ்ச்சி தானாகவே பதிவாகி மாலையில் இணையத்தில் ஏறிவிடும்படி ஏற்பாடு செய்திருந்தது அவர்களுக்கே மறந்துவிட்டது. எலியோ வாசித்ததும், ஐயையோ என்றதும், பாட்டும், சுத்தமாக ஏறிவிட்டது. தீவு தீவாகக் கேட்டார்கள். தம்பி பேசியது போய்விட்டது, அக்கா எழுதியது நின்றுவிட்டது.

ரெஸ்லின் அழைத்தாள். இந்த முறை தியா என்று ஆரம்பிக்கவில்லை.

"எல்லாரும் அவங்கவங்க அப்பன் குரலக் கேட்டுட்டாங்க. எனக்கு மட்டும் கெடையாதா? உங்க குடும்ப ரகசியத்துக்கு என் அப்பா என்ன பண்ணாரு?"

"அடி பாவி, நான் வேணும்னா..."

"நீங்க அவரோட பேசிப் பழகினவங்க. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் வர்றதுக்குக் கூட ஒண்ணும் இல்ல." இணைப்பு அறுந்தது.

சீமா கடையைச் சாத்திவிட்டு நிலையத்துக்குக் கிளம்பினாள். எலியோ அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்தப் பெரிய குரல் எங்கேயோ ஒளிந்துகொண்டது.

"மானாங், செருப்பால அடிங்க என்னை. இன்னிக்கு நிகழ்ச்சிய இப்பவே எடுத்துடச் சொல்றேன்."

"எடுத்தா? கேட்டவங்க காதுலேர்ந்தும் எடுப்பீங்களா மானோங்?"

அண்ணன் என்று அவள் கூப்பிட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது இருக்கட்டும். என் தம்பி பேசினத ஏத்துங்க."

"அதுக்கு, அதுல பேர் வர்றவங்க சம்மதம் எழுதித் தரணும்..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து, "வேணாம் வேணாம், எழுத வேணாம். வாயால சொல்லுங்க போதும்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் வந்ததை அவள் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரெஸ்லின் படகேறி வந்தாள். சீமா கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றவள்தான். கடையின் நடு மேசையில் போனை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பேச்சு இன்னும் சரியாக ஒட்டவில்லை. ரெஸ்லின் விரலை வைக்கவே பயந்தாள். கடைசியில் சீமாதான் அழுத்தினாள்.

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு பையன் தொண்டையைச் செருமினான். இத்தனை சின்னப் பையனா அவன் என்று சீமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மானாங் சீமா, நான் ரெஸ்தி பேசறேன். நீ எங்க இருந்தாலும் வீட்டுக்கு வந்துரு. ஒன் புருஷன் பல்பினோ திருந்திட்டாரு. அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்காரு. நம்ம கருப்பன் நாய் கூட தெனம் வாசல்ல ஒன்னத் தேடுது மானாங்."

ரெஸ்லின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலுக்கு நடுவே வழிந்தது.

"அந்தக் கருப்பன நான் கெளம்பறதுக்கு முன்னாடியே பல்பினோ ஒதச்சுக் கொன்னுட்டான்" என்றாள் சீமா. "ரெஸ்தி தான் பொதச்சான். செத்த நாய் தேடுதுன்னு சொன்னா என்ன அர்த்தம்? வராதேன்னு அர்த்தம். வந்த புதுசு, என் பேரு கூட இங்க யாருக்கும் தெரியாது, இந்தக் கடையில பாத்திரம் தேச்சிக்கிட்டே கேட்டேன். ஒன் அப்பன் என்னை வீட்டுக்குக் கூப்பிடலடி. காப்பாத்தினான்."

ஒலிநாடா ஓடிக்கொண்டே இருந்தது. ரெஸ்தி பேசி முடித்த பின்னும் மைக்கை யாரும் அணைக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஒருவன் இருமினான். கனத்த, ஈரமான இருமல், பின்னாலேயே இன்னொன்று. சீமா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் புலோ நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. கையில் ஒரு ஸ்பேனர்.

"இருமறது யாரு?"

"அவன்தான். ரெஸ்திய இழுத்துட்டு வந்து பேச வச்சதே அவன்தான்."

புலோ அவள் நிற்பதைப் பார்த்தான். உட்காரச் சொல்லவில்லை.

"ராத்திரில நான் இருமினா நீ எழுந்து சொவரோரமா போயி ஒக்காந்துப்ப" என்றான். "அதுக்காகத்தான் சிகரெட்ட விட்டேன். ஏன்னு கேட்டதில்ல."

"கேட்டிருந்தா சொல்லிருப்பனோ என்னவோ."

"சொல்லிருக்க மாட்ட."

"மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டாள்.

புலோ ஸ்பேனரை மேசையில் வைத்துவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தான். ரெஸ்லின் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னொரு தடவை போட்டுக் கேட்கலாமா என்று மெல்லக் கேட்டாள்.

"போடும்மா, ஒன் அப்பன் குரல் கேக்கட்டும்" என்றான் புலோ. "அந்த இருமல் வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடு."