ஐரோலியில் ஒரு தனிக்குடித்தனம்

நகுலின் டம்ளரை யாரும் தொடக்கூடாது. நவி மும்பையில், ஐரோலி ஆபீசில் யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. மாட்டுங்கா வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் காபி வரும். அதைக் குடிக்க ஒரு எவர்சில்வர் டம்ளரும் டவராவும் கூடவே வரும். பேன்ட்ரியில் மற்றவர்களுடைய மக்குகளோடு அது ஒருநாளும் சேர்ந்து கவிழ்ந்ததில்லை. அப்படிப்பட்ட மகானுபாவன்தான் கோகிலவாணியைப் பார்த்து, "நீ மட்டும் எதுக்கு தனிக்குடித்தனம் போறே?" என்று கேட்டான்.

விஷயம் இதுதான். ஆபீசில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சர்வர். ப்ரோகிராம் எழுத யாருக்கு எந்த லைப்ரரி வேண்டுமானாலும் அதிலேயே பொதுவாகப் போட்டுக்கொள்வார்கள். ஒருவர் புதுப் பதிப்பைப் போட்டால் எல்லார் தலையிலும் அதுதான் விடியும். போன மாதம் கோகிலவாணி தன் வேலைக்காக ஒன்றை அப்டேட் செய்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று நகுல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான். பழைய பதிப்பை நம்பி அவன் எழுதியிருந்த ரிப்போர்ட் ப்ரோகிராம் அன்று மாலையே படுத்துவிட்டது. கிளையன்ட் கத்தினார். பழையதையே திரும்பப் போட்டுச் சரிசெய்தார்கள் என்றாலும், டீம் லீட் சாதனா மேடம் கோகிலவாணியின் ப்ரொபேஷனை நீட்டிவிட்டார். இந்த மாதம் வேலை நிரந்தரமாகிவிடும் என்று தாராவியில் சந்து முழுக்கச் சொல்லிவைத்திருந்த அம்மா, அதற்குப் பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர் பிடித்துவந்தாள்.

இன்றைக்குப் புது ப்ராஜெக்ட். இதைப் பிசகில்லாமல் தொடங்கிவைத்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆகவே அவள் பொதுவில் கை வைக்கவே இல்லை. அதே சர்வருக்குள் ப்ராஜெக்டுக்கென்று தனி அறை மாதிரி ஒரு என்விரான்மென்ட்டை உருவாக்கி, குலதெய்வத்தின் பெயரைச் சூட்டினாள். அதற்குள் நுழைந்ததும் கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியின் தலையிலும் பேராச்சி என்று வந்து நின்றது.

"இது ப்ராஜெக்டா, கோயிலா?" என்றான் நகுல். "அரே, எல்லாரும் ஒரே எடத்துலேர்ந்துதானே எடுத்துக்கறோம். நோக்கு மட்டும் என்ன?"

"இதுக்குள்ள என்ன போட்டாலும் வெளிய ஒட்டாது. உங்க டம்ளர் மாதிரிதான் நகுல்."

அவன் காது சிவந்தது. கோகிலவாணிக்கு அது இனித்தது.

சாதனா மேடம் வந்தார். "நகுல், அவ போட்டிருக்கறது சரியா இருக்கான்னு பாத்துடு. பதினோரு மணிக்கு நான் பாக்கறேன்."

அவன் அவளுடைய நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எல்லாம் பழசா போட்டிருக்கே. நான் லேட்டஸ்ட் போடறேன் பாரு" என்று புதிதாக ஒரு திரையைத் திறந்தான். அந்தத் திரையில் வரியின் தலையில் பேராச்சி இல்லை. ஒவ்வொரு புதுத் திரையிலும் ஒரு வரி அடித்து மறுபடி உள்ளே நுழையவேண்டும். தனிக்குடித்தனமே அறியாதவனுக்கு அது எப்படித் தெரியும்? அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமே.

அவன் பேராச்சியின் வாசலுக்கு வெளியே இருந்துகொண்டு அப்டேட் கட்டளையை அடிப்பதை அவள் பார்த்தாள். ஒரு சொல் போதும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. பாட்டிலைத் திறந்து, தண்ணீரோடு அதையும் சேர்த்து விழுங்கினாள்.

அவன் எண்டரைத் தட்டினான்.

பொதுவில் ஓடிக்கொண்டிருந்த நகுலின் ரிப்போர்ட் போகவேண்டிய நேரத்தில் போகவில்லை. கிளையன்ட் மறுபடி கத்தினார். "இவ தனியா என்னத்தையோ பண்ணிவெச்சா மேடம், அதான்" என்றான் நகுல், கொஞ்சமும் கூசாமல்.

கோகிலவாணி இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பேராச்சிக்குள் எதுவும் மாறவில்லை. வெளியே பொதுவில் எல்லாமே மாறியிருந்தது, அதுவும் நகுல் அடித்த கட்டளையால்.

சாதனா மேடம் அவள் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துலதானே நின்னுண்டிருந்தே. அவன் வெளில அடிக்கறது தெரியலையா?"

"தெரிஞ்சுது மேடம்."

"பின்னே ஏன் சொல்லலை?"

"போன மாசம் நான் அடிக்கும்போது நகுலும் பின்னாலதான் நின்னாரு. அவரு ரிப்போர்ட் படுத்துரும்னு அவருக்குத் தெரியும். அவரும் சொல்லலை."

நகுல் மறுப்பான் என்று மேடம் காத்திருந்தார். அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கன்ஃபர்மேஷன் மெயில் சாயங்காலம் வரும்" என்றார் மேடம், அவளைப் பார்க்காமலே. "மொதல்ல இவனோட ரிப்போர்ட்டுக்கும் தனியா ஒண்ணு போட்டு எழுப்பு. உங்க ரெண்டு பேரையும் பொதுவுல விட்டா ஆபீஸ் நிக்காது."

வேலை நிலைத்துவிட்டது. சந்தோஷம் வரவேண்டும்; வந்தது எரிச்சல்தான். நகுலின் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கீபோர்டை மறித்துக்கொண்டு டம்ளர் இருந்தது. ஐந்து விரலும் படும்படி எடுத்து ஓரமாக வைத்தாள்.

"பேரு என்ன போடணும்?"

"என்னத்தையோ போடு" என்று டம்ளரைத் தூக்கிக்கொண்டு போனான். பேன்ட்ரியில் குழாய் திறந்தது. தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கோகிலவாணி அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அவன் பெயரையே போட்டு, அவனுக்கும் தனிக்குடித்தனம் வைத்துக்கொடுத்தாள்.