கோழி சொன்ன தேதி

வரிசையில் எடெல்மிராவின் கல் ஒன்பதாவது. சுகாதார நிலையத்தில் செவ்வாய் மட்டும்தான் பெண்களுக்கான நாள். அதனால் விடியும் முன்பே ஆளுக்கொரு கல்லை வாசலில் வைத்துவிட்டுத் தண்ணி லாரிக்கு ஓடுவார்கள். லீமாவின் அந்த மேட்டுக் குடியிருப்பில் செருப்பு காணாமல் போகும், கேஸ் சிலிண்டர் காணாமல் போகும், வரிசைக் கல்லை மட்டும் ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஊசி. போட்டுக்கொண்டால் மூன்று மாதத்துக்குப் பிள்ளை தங்காது. வீட்டில் ஏற்கெனவே மூன்று. கடைசிக்குப் பத்து மாதம், இன்னும் பால் மறக்கவில்லை. அந்தப் பிரசவத்தில் உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோய், இரண்டு பாட்டில் ஏற்றித்தான் அவளை எழுப்பி உட்காரவைத்தார்கள். இன்னொன்று வந்தால் எழுந்திருக்கமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். தெற்கே திராட்சைத் தோட்டத்துக்குப் போன கணவன் வில்பெர் நாலு மாதம் கழித்து அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறான்.

நர்ஸ் நார்மா கேட்ட முதல் கேள்வியே, கடைசியாக எப்போது வீட்டுக்கு விலக்கு என்பதுதான். பால் கொடுப்பதால் இன்னும் வரவில்லை என்றாள் எடெல்மிரா. அப்படியானால் வந்தபிறகு வா, வயிற்றில் ஒன்றுமில்லை என்று ரத்தத்தைக் கண்ணால் பார்த்தால்தான் ஊசி, அதுதான் விதி என்றாள் நார்மா.

"என் புருஷன் நாலு மாசமா ஊர்லயே இல்ல மேடம்."

"புருஷன் இல்ல, சரி," என்று நார்மா பேனாவை மூடினாள். கதவோரம் நின்ற இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எடெல்மிரா சந்தையில் தோமாசாவின் கோழிக்கடையில் இறகு பிடுங்கும் வேலை பார்த்தாள். நடந்ததைச் சொன்னதும் தோமாசா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதுக்கா மூஞ்சிய தொங்கப்போட்டுட்டு நிக்கிற? கடை பூரா ரத்தந்தானடி. திங்கக்கெழம சாயங்காலம் எத்தன பேரு சின்ன பாட்டிலத் தூக்கிட்டு வர்றாளுக, எதுக்குன்னு நெனச்ச? ரெண்டு கல்லு உப்பு போட்டுக்க, உறையாது. அவ கிட்ட வந்தெல்லாம் பாக்கமாட்டா, அருவருப்பு."

அடுத்த செவ்வாய் அவள் கல் நாலாவது. திரைக்குப் பின்னால் நின்று, பெற்ற தாய்க்குக்கூடக் காட்டாத துணியை நார்மாவுக்கு விரித்துக் காட்டினாள். நார்மா மூக்கைச் சுளித்து, நாலடி தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்து, அட்டையில் மார்ச் பன்னிரண்டு என்று எழுதினாள்.

"பாத்தியா, வந்துருச்சுல்ல? இதுக்குத்தான் பொறுமை வேணுங்கறது."

பிறகு அலமாரியைத் திறந்தாள், மூடினாள். ஊசி போன வாரத்தோடு தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம்தான் வரும், அப்போது மறுபடி துணியோடு வா என்றாள். போன வாரம் எடெல்மிரா வந்தபோது அது அந்த அலமாரியில்தான் இருந்தது. மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் வில்பெர் வந்தால்தான் வீட்டில் காசு, வந்தபின் வாங்கி என்ன பிரயோஜனம்? நார்மா நாலைந்து ஆணுறைகளைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை வில்பெர் ஒரு பெட்டித் திராட்சையோடு வந்தான். அவள் நீட்டியதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"நாலு மாசம் வெயில்ல வெந்து வர்றேன், எனக்கு மழைக்கோட்டா குடுக்கிற? நான் இல்லாதப்ப இத யாருக்குடி வச்சிருந்த?"

பிள்ளைகள் காதில் விழப்போகிறதே என்று அவள் அவற்றை அதே பேப்பரில் சுற்றி எடுத்துவைத்தாள்.

ஜூன் மாதம் அதே நார்மா, அதே அட்டை. பிரசவ நாள் கணக்கிடும் வட்டத் தகட்டைச் சுழற்றி முள்ளை மார்ச் பன்னிரண்டில் நிறுத்தி, பிரசவம் டிசம்பர் பத்தொன்பது என்று கணக்குச் சொன்னாள்.

"ரத்தத்த நானே கண்ணால பாத்தேன். ஊசி வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையாக்கும்."

விலக்காகி இரண்டு வாரம் கழித்துத்தான் பிள்ளை தங்கும் என்பது அந்தத் தகட்டின் கணக்கு; வில்பெர் வந்ததோ நாலாம் நாள். அந்தச் சனிக்கிழமையிலிருந்து எண்ணினால் பிள்ளை பத்து நாள் முன்னாலேயே வந்துவிடும். மற்ற மூன்றும் நாள் தவறாமல் பிறந்தவை. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து வைப்பதும், படுக்கை ஒதுக்குவதும் அட்டையில் இருக்கும் தேதிக்குத்தான். முன்னால் போனால் காவல்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான்.

எடெல்மிரா வாயைத் திறந்தாள். வெளியே பதினோரு கல் இருந்தது. அது கோழி ரத்தம் என்று இவள் சொன்னால், நாளை முதல் நார்மா நாலடி தூரத்தில் நிற்கமாட்டாள், கிட்ட வந்து பார்ப்பாள். அந்தப் பதினொருவருக்கும் ஊசி இல்லை. வாயை மூடிக்கொண்டு அட்டையை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை சந்தையில் தோமாசா கேட்டாள், "என்னிக்குடி நாளு?"

"கோழியத்தான் கேக்கணும்க்கா."

சிரிக்க ஆரம்பித்த தோமாசா அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கடை முன்னால் ஒல்லியான பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையும் கையில் சின்ன பாட்டிலுமாகக் கூச்சத்தோடு நின்றாள். எடெல்மிரா ஒரு கோழியை எடுத்துக் கழுத்தை அறுத்தாள். பாட்டிலைப் பிடித்து நிரப்பி, இரண்டு கல் உப்பைப் போட்டு, மூடியை இறுக்கி அவளிடம் கொடுத்தாள்.