குழாய்வழி வந்த குரல்

டீனா அலெக்சாண்டர் டெல்லியில் மக்களவையில் முதல் முறை எழுந்து பேசிய அன்று, பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு, பெங்களூரில் மர்பி டவுன், ஜோகுபாளையம், நீலசந்திரா மூன்று இடங்களிலும் உள்ள எல்லாத் தண்ணீர்க் குழாய்களிலும் அவருடைய குரல் வந்தது. தண்ணீர் வரவில்லை. அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது; அன்று முறை கிடையாது. முதலில் வழக்கம்போல் காற்று சீறியது, பிறகு தொண்டையைச் செருமும் சத்தம், அதன் பின் "சபாநாயகர் அவர்களே" என்று தொடங்கிப் பதினோரு நிமிடம் பேச்சு. அங்கே அவர் பேசியது கன்னடத்தில். தமிழ் வீட்டுக் குழாய்களில் அது தமிழில் வந்தது, கன்னடக்காரர் வீடுகளில் கன்னடத்திலேயே வந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் கையில் சாம்பலோடு எழுந்து நின்று கேட்டார்கள். பேச்சு முடிந்ததும் குழாய்கள் இரண்டு சொட்டுச் சொட்டிவிட்டு நின்றன.

டீனா மர்பி டவுனில் பிறந்தவர். அப்பா தெருத்தெருவாகப் போய் இரும்புச் சாவி போட்டுத் தண்ணீர் திறந்துவிடும் வால்வ்மேன். குரல் குழாயில் போவதற்கு அதுதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அந்த ஊரில் இன்னும் நாற்பது வால்வ்மேன்கள் இருந்தார்கள், அவர்களுடைய மகள்கள் யாருடைய குரலும் எங்கும் போகவில்லை. டீனா பத்தொன்பது வயதில் டீச்சரானார், இருபத்து மூன்றில் எரிக்கைக் கல்யாணம் செய்தார், இருபத்தொன்பதில் வார்டு தேர்தலில் நின்று தோற்றார். கட்சிக் கூட்டத்தில் பெண்களுக்கு நாற்காலி போடும் வழக்கம் இல்லாததால் மூன்று மணி நேரம் நின்றார். அடுத்த கூட்டத்துக்கு வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிப் போய், முதல் வரிசையில் விரித்து உட்கார்ந்தார். இரண்டாவது தேர்தலில் வாசலில் யாரோ செத்த காகத்தைக் கறுப்புத் துணியில் சுற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். அதை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு ஓட்டுக் கேட்கக் கிளம்பினார். அந்த முறை ஜெயித்தார். கூடவே வீடு வீடாக நடந்தவர் பாகீரதி. நீலசந்திராவில் ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயின் ஓரத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவர். நாற்பத்து மூன்றாவது வயதில் டீனா எம்.பி.யாகி டெல்லி போனார். குடத்தோடு தெருக்குழாய் வரிசையில் நின்று வளர்ந்த பெண்களில் அந்த வட்டாரத்திலிருந்து அங்கே போன முதல் ஆள் அவர்தான்.

இரண்டு வருடம் பேச்சும் குரலும் ஒரே நேரத்தில் நடந்தன. பிறகு குரல் முந்தத் தொடங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை, ரயில் கவிழ்ந்து இறந்த முப்பத்தாறு பேருக்குக் குழாய்கள் இரங்கல் சொல்லின. அன்று எந்த ரயிலும் கவிழவில்லை. வியாழக்கிழமை கவிழ்ந்தது. வெள்ளிக்கிழமை டீனா அவையில் எழுந்து, ஒரு சொல் மாறாமல் அதே இரங்கலை வாசித்தார். டிவிக்காரர்கள் மைக்கைக் கொண்டுவந்து குழாய் வாயில் வைத்துப் பார்த்தார்கள். வெறும் காற்றுதான் பதிவானது. அதற்குப் பிறகு பெண்கள் குழாயை மெதுவாகத் திறந்தார்கள். சிலர் அதன் வாயில் துணி கட்டினார்கள். குரல் துணிக்குள்ளிருந்தும் தெளிவாகவே வந்தது.

மறு தேர்தலிலும் ஜெயித்து அவர் அமைச்சரானார். ஏரி, கால்வாய்க் கரைகளுக்கென்று புதிதாக உண்டாக்கிய அமைச்சகம் அது. கரை மீட்புச் சட்டம் அதன் முதல் வேலை. சட்டத்தில் ஒரு பிரிவை டீனா பிடிவாதமாகச் சேர்த்தார். காலி செய்யவேண்டிய வீடுகளின் பட்டியலை அமைச்சர் அவையில் தன் வாயால், பெயர் பெயராக வாசித்தால்தான் அது செல்லும். "ஃபைலுக்குள்ள ஒளிச்சு வச்சு யாரையும் தொரத்தக் கூடாது. இடிக்கச் சொல்றவங்க வீட்டுக்காரங்க பேரச் சொல்லிச் சொல்லட்டும்" என்றார். அப்படிச் சொல்ல யாருக்கும் மனம் வராது என்று அவர் நம்பினார். அதிகாரிகள் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து டீனா மர்பி டவுன் வீட்டுக்கு வந்தபோது பாகீரதி வாசலில் நின்றிருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, எங்க ஊட்டு நம்பர உனுக்கு யாரு குடுத்தது?"

"எந்த நம்பரு?"

"வந்து கேளு."

டீனா தன் குரலைக் குழாயில் அதுவரை கேட்டதே இல்லை. அவர் ஊரில் இருந்தால் குழாய்கள் பேசாது. அன்று பேசின. கால்வாய் ஓரத்துச் சந்தில் பெண்கள் காலிக் குடங்களோடு சுவர் ஓரமாக நின்றார்கள். யாரும் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. குழாய் சீறியது, செருமியது, வாசிக்கத் தொடங்கியது. நான்காவது குறுக்குத் தெரு, பதினேழாம் எண், பாகீரதி, நான்கு பேர். பதினெட்டாம் எண், லட்சுமம்மா, ஆறு பேர். மேடையில் அவர் எடுக்கும் அதே நல்ல குரல், எந்த இடத்திலும் தடுமாறாத குரல். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளை வாசித்து முடிக்க ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. டீனா அவ்வளவு நேரமும் சுவரில் கை வைத்து நின்றிருந்தார்.

"எத்தினி நாளா?"

"அஞ்சு நாளா. படிக்கமாட்டேன்னு சொல்லிட்டு வந்துடுக்கா."

"வந்துட்டா வேற ஆளு புதுசா ஒரு லிஸ்ட் போடுவான். இது என் பேர்ல வரப்போவுது, நான்தான் படிக்கணும். சபை கலையிற வரைக்கும் படிக்காம இருந்தா லிஸ்ட் செத்துப்போவும்." குழாயைக் கைகாட்டினார். "ஆனா அது சொன்னத நான் சொல்லாம உட்டதே இல்ல, பாகீ. வாயத் தெறந்தா அதுவா வந்துடும்."

"அப்ப தெறக்காத" என்றார் பாகீரதி.

டீனா சரியென்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு முன் சொன்னதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

பட்டியல் டெல்லியில் அவர் மேசைக்கு மறுவாரம் வந்தது, நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளோடு. கட்சியின் பொறுப்பாளர் முனிராஜ் பெங்களூரிலிருந்து விமானத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மேடம், ஒரு மணி நேர வேலை. பேப்பரப் பாத்துப் படிச்சிட்டு உக்காந்துடுங்க. அவங்களுக்கெல்லாம் ஊருக்கு வெளிய வீடு கட்ட சைட் குடுப்பாங்க, நான் அதிகாரிங்ககிட்ட மாத்தாடி வச்சிருக்கேன்."  சபாநாயகர் பெயர் சொல்லி அழைத்தபோது டீனா காகிதத்தோடு எழுந்தார், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். அடுத்தவரை அழைக்கும் வரை நின்றார். பதினான்கு மாதத்தில் ஒன்பது முறை அழைத்தார்கள், ஒன்பது முறையும் நின்றார். டாக்டர்கள் தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். போனில் யார் யாரோ அழைத்து எரிக்கின் பெயரைச் சொன்னார்கள், அவர் காலையில் நடக்கும் பாதையைச் சொன்னார்கள். எரிக் நடப்பதை விட்டுவிட்டார். ஊமை அமைச்சர் என்று சுவரெங்கும் போஸ்டர் ஒட்டினார்கள். கட்சிக்காரர்கள் சிலர் ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்துக்கொண்டு வந்து நீட்டினார்கள், கையெழுத்துப் போடவில்லை. அவரை நீக்கினால் இந்தப் பட்டியலும் போய்விடும், முதலிலிருந்து புதிதாகப் போடவேண்டும் என்று முனிராஜ்தான் தடுத்துக்கொண்டிருந்தார், எப்படியும் பேசுவார் என்ற நம்பிக்கையில். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்ற பயத்தில் டீனா, இறந்தவர்களுக்குக் கட்டுவதுபோல் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு படுத்தார். எரிக் தினமும் காலையில் முடிச்சை அவிழ்த்துவிடுவார். இந்தப் பதினான்கு மாதமும் குழாய்கள் ஒரு முறைகூடப் பட்டியலை நிறுத்தவில்லை.

சபை கலைந்தது, பட்டியல் செத்தது. கட்சி மறுபடி சீட்டுக் கொடுக்கவில்லை. டீனா மர்பி டவுனுக்குத் திரும்பிய காலையில் பாகீரதி இட்லி கட்டிக்கொண்டு வந்தார். "முடிஞ்சிபோச்சுக்கா. இப்ப பேசு. எதனா ஒரு வார்த்த பேசு." டீனா வாயைத் திறந்தார். காற்று சீறியது. இன்னொரு முறை முயன்றார், காற்றுதான் வந்தது. பாகீரதி அவர் வாயைத் தன் உள்ளங்கையால் மெதுவாக மூடிவிட்டு, இட்லியைப் பிரித்து வைத்தார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. நீலசந்திராவில் கால்வாய் ஓரத்து வீடுகள் நிற்கின்றன. குரல் குழாய்களில்தான் இருக்கிறது. தண்ணீர் முறை நாட்களில் காலை ஐந்தரைக்குப் பட்டியல் தொடங்குகிறது, அது முடிந்தால்தான் தண்ணீர் விழும். இரண்டு வருடமாகப் பட்டியல் வளர்கிறது. முதலில் ஜோகுபாளையத்தில் இரண்டு தெருக்கள் சேர்ந்தன. சேர்ந்த அன்று அங்கே அழுதார்கள், சாமி கும்பிட்டார்கள், பட்டியலைப் பற்றி யாரிடம் மனு கொடுப்பதென்று தெரியாமல் தண்ணீர் தாமதமாகிறது என்று மட்டும் ஒரு மனு கொடுத்தார்கள். பொங்கலுக்குப் பிறகு மர்பி டவுன் சேர்ந்தது. யார் வாசிக்கப்போகிறார்கள், எந்த அவையில், என்றைக்கு என்று குரல் சொல்வதில்லை. வீடு மாறிப் போனவர்கள் சிலர் உண்டு. போன இடத்தின் நம்பரும் சில மாதங்களில் வந்துவிட்டது. அதனால் இப்போது யாரும் மாறுவதில்லை.

டீனா பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு தெருக்குழாய்க்கு வருகிறார். முன்னால் வந்து நிற்கச் சொன்னால் தலையசைத்து மறுத்துவிட்டு வரிசையில் தன் இடத்தில் நிற்கிறார். இருபத்து மூன்றாம் எண், டீனா அலெக்சாண்டர், இரண்டு பேர் என்று குழாய் வாசிக்கிறது. பின்னால் நிற்பவர் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொல்கிறார். அவர் குடத்தைக் காலால் நகர்த்தி வைக்கிறார். தண்ணீர் வர இன்னும் இருநூறு வீடுகள் இருக்கின்றன.