நீயும் இல்லை, நீங்களும் இல்லை

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவை ஆலையில், இஸ்திரிப் பகுதிக்கு அவர்தான் மேஸ்திரி. இஸ்திரி மேஸ்திரி என்று கூப்பிடுவதில் ஒரு சந்தம் இருந்ததால் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது. பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிப்போன பயல் அவன். அன்றிலிருந்து அவருக்கு அவன் "டேய் பொடியா"தான். இப்போது பொடியன் வாசலில் தலையைக் குனிந்துதான் உள்ளே வரவேண்டும், அவ்வளவு உயரம். ஆனாலும் பொடியன்தான்.

அவன் பொறுப்பேற்பதற்கு முந்தின நாள் மனைவி மேஸ்திரியை உட்காரவைத்துச் சொன்னாள். "அங்க போய் அவனை வாடா போடான்னு கூப்பிட்டு வைக்காதீங்க. அவனுக்குக் கீழ அத்தனை பேர் வேலை பாக்குறாங்க."

"அப்ப வாங்க போங்கன்னு கூப்பிடணுமா? அவனுக்கு மூக்கு சிந்திவிட்டவன் நான்."

"அப்படிக் கூப்பிட்டா எனக்கே சிரிப்பு வந்துரும். என்னமோ பண்ணுங்க, மானத்தை வாங்காதீங்க."

பிறகு தம்பிக்கும் போன் போட்டாள். "நீ பாட்டுக்கு மாமா மாமான்னு பின்னாலயே சுத்தாத. சொந்தக்காரனுக்குச் சலுகைன்னு பேசுவாங்க. அதுக்காக அவரை நீ வா போன்னும் சொல்லிராத. என் புருஷன் அவரு."

எதைச் சொல்லக் கூடாது என்பது இருவருக்கும் தெளிவாகிவிட்டது. எதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் இஸ்திரி அறைக்குள் நுழைந்தபோது மேஸ்திரியின் வாயில் "டே" வந்துவிட்டது. பாதியில் சுதாரித்துக்கொண்டு, "டே...பிள் துடைச்சாச்சு" என்றார்.

மேனேஜர் மேசையைப் பார்த்தான். "நல்லது மா..." என்று தொடங்கி அவனும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "மாடியில வெளிச்சம் பத்தல போலிருக்கே" என்றான். அந்தக் கட்டடத்தில் மாடி கிடையாது.

"பாத்துரலாம்" என்றார் மேஸ்திரி.

அன்றைக்கே இருவருக்கும் வழி பிடிபட்டுவிட்டது. எதிரில் நிற்கிற ஆளைத் தொடாமலே நம் பேச்சில் காலத்தை ஓட்டிவிடலாம். சாப்பிட்டாயா, சாப்பிட்டீர்களா என்று இறங்கினால்தான் வம்பு. சாப்பாடு ஆச்சா என்று கேட்டால் வயதும் பதவியும் உறவும் சற்றுத் தள்ளி ஒதுங்கி நின்றுகொள்கின்றன.

"விரிப்பெல்லாம் மடிச்சாச்சா?"

"மடிஞ்சுக்கிட்டே இருக்கு."

"கொஞ்சம் சீக்கிரம் முடிஞ்சா தேவலை."

"முடிஞ்சிரும்."

மற்றவர்கள் முதலில் இதைப் புது நிர்வாகத்தின் பாணி என்று நினைத்துப் பின்பற்றினார்கள். போகப்போக அதன் சுகம் தெரிந்தது. துவைக்கும் பிரிவில் ஓர் அம்மாள் இருந்தாள். வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் கறை ஏன் போகவில்லை என்று கேட்டால், "போகணும்னு அதுக்குத் தோணலை போல" என்பாள். வண்டி ஓட்டுகிற டிரைவர் தாமதமாக வந்தால், மழை பெய்துவிட்டது என்று சொல்கிற மாதிரி "லேட்டாயிருச்சு" என்பார். யாரும் எதையும் செய்வதாகத் தெரியவில்லை. எல்லாம் தானாக ஆகிக்கொண்டிருந்தது. திட்டுவதற்கு ஆள் அகப்படாமல் ஆலை வெகு அமைதியாக ஓடியது.

கஞ்சியில்தான் சிக்கல் வந்தது. ஓட்டல் மேசைத் துணிகளுக்குக் கஞ்சி போடுவார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகளுக்குப் போடமாட்டார்கள். ஒரு காலையில் மேனேஜர் துணிக் குவியல்கள் பக்கமாகக் கையை வீசி, "கஞ்சி போடணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். எதற்கு, யார் என்று அதில் இல்லை. அக்கா எல்லாவற்றுக்கும் போட்டாள். அது தெரியாமல் மேஸ்திரியும் போட்டார். தன்னைத்தான் சொன்னார்களோ என்ற சந்தேகத்தில் டிரைவரும் ஒரு வாளி ஊற்றினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் போன் செய்தார். "விரிப்பு அனுப்பியிருக்கீங்களா, கதவு அனுப்பியிருக்கீங்களா?" ஒரு நோயாளி புரண்டு படுத்தபோது விரிப்பும் அவரோடு மொத்தமாகப் புரண்டதாம். சுவரோரம் நிறுத்தி வைத்த இன்னொன்றைத் தடுப்பு என்று நினைத்து, ஒருவர் அதன் பின்னால் போய் உடை மாற்றிக்கொண்டாராம்.

மிச்சமிருந்த விரிப்பு ஒன்றைப் பலகை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேனேஜர் அறையிலிருந்து வந்தான். "இது யாரு பண்ணது?"

"பண்ணியாச்சு போல" என்றாள் அக்கா.

"அது தெரியுது. யாரு?"

"ஆயிருச்சு" என்றார் டிரைவர், உண்மையான வருத்தத்துடன்.

மேனேஜர் சுவரைப் பார்த்தபடி கேட்டான். "இஸ்திரிப் பக்கத்துலயும் ஏதாவது நடந்திருக்குமோ?"

"நடந்திருக்கலாம்" என்று மேஸ்திரி அதே சுவரிடம் ஒப்புக்கொண்டார்.

அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. "இதெல்லாம் மெஷின்ல போகுமா, சொல்லட்டும்" என்று, ஓடிக்கொண்டிருந்த பெரிய இஸ்திரி உருளையில் விரிப்பைத் திணித்தான். அது வளைய மறுத்தது. நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினான். திடீரென்று அது இணங்கி உள்ளே நழுவியது. கூடவே அவனுடைய டையின் நுனியும் போனது.

உருளை மெதுவாகத்தான் சுற்றும். பேசுவதற்கு அவகாசம் இருந்தது. அதுவே ஆபத்தாகப் போயிற்று.

"உள்ள போகுது போலிருக்கே" என்றார் மேஸ்திரி.

"எது?" என்றான் மேனேஜர்.

"கழுத்துல கட்டியிருக்கிறது."

"மெஷினை நிறுத்தணும்" என்றாள் அக்கா, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

"ஆமா, நிறுத்தியாகணும்" என்றார் டிரைவர்.

"நிறுத்தினா நல்லது" என்றான் மேனேஜர். நெற்றியில் ஆவி அடிக்கும் அளவுக்கு அவன் முகம் உருளையை நெருங்கியிருந்தது.

நிறுத்தவேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒருவரும் அசையவும் இல்லை.

மேஸ்திரி கத்தினார். "டேய் பொடியா, டையைக் கழட்டித் தொலைடா. யக்கா, நீ அந்த ஸ்விட்சை அணை. யோவ் டிரைவர், அவன் இடுப்பைப் பிடிச்சு இழுய்யா."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அசைந்தார்கள். உருளை நின்றது. டை உள்ளேயே தங்கிவிட, மேனேஜர் டிரைவரின் மடியில் வந்து விழுந்தான்.

வேலை போனாலும் போகட்டும், வீட்டில் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்பதே மேஸ்திரிக்குப் பெரிய கவலையாக இருந்தது.

மேனேஜர் கழுத்தைத் தடவிக்கொண்டான். "மாமா, கொஞ்சம் தண்ணி குடுங்க."

மேஸ்திரி டம்ளரை அவன் கையில் தராமல் தானே பிடித்துக் குடிக்கவைத்தார். "மெதுவாக் குடிடா" என்றார். அவன் கண் கலங்கியிருந்தது.

வீட்டில் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். பிறகு, "டை என்னாச்சு?" என்றாள்.

"இஸ்திரி ஆயிருச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் மேஸ்திரிக்கு உயிர் வந்தது.

விஷயம் முதலாளிக்கு எட்டியது. அவர் இதைப் பாதுகாப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு ஒட்டவைத்தார்: ஆபத்து நேரத்தில் பதவி, வயது, உறவு பாராமல் யாரும் யாரையும் நீ, டா, டி என்று விளிக்கலாம். ஆபத்து என்றால் எது என்பதை எழுத மறந்துவிட்டார்.

இரண்டொரு நாளில் அக்கா மேனேஜர் அறைக்கு ஓடிவந்தாள். "சார், ஆபத்து."

அவன் பதறி எழுந்தான். "எங்க?"

"டேய், எனக்கு வியாழக்கிழமை லீவு வேணும்டா."

அவன் அறிவிப்பை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு லீவு கொடுத்தான்.

அந்த வாரக் கடைசியில் முதலாளியே ஆலைக்கு வந்தார். அவருடைய கார் சரக்கு வண்டியின் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் நேராக அவரிடம் போய், "ஆபத்துங்க" என்று முறைப்படி அறிவித்தார். பிறகு, "யோவ், உன் காரை எடுய்யா. நான் எப்படிப் போறது?" என்றார்.

முதலாளி மறுபேச்சில்லாமல் காரை நகர்த்திவிட்டு வந்தார். கிளம்பும்போது மேனேஜரிடம் சொன்னார். "என்கிட்ட இவ்வளவு தெளிவா யாருமே பேசினதில்ல."