பல்லால் பிடித்த கரகரப்பு

உலகத்தில் பல்லால் காது கேட்கிற மனிதன் நான் ஒருவன்தான், அதுவும் இரண்டே பல்லால். மேலே ஒன்று, அதற்கு நேர் கீழே ஒன்று. மற்றதெல்லாம் வைத்தியர் கட்டிக்கொடுத்த பல்செட். குடிநீர்த் துறையில் வேலை பார்த்த காலத்தில், நீளமான மரக்குச்சியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் கடித்தேன் என்றால், மூன்று தெரு தள்ளி மண்ணுக்கடியில் குழாய் கசிவது தெரியும். எந்த வீட்டில் குளிப்பவர் சோப்பைத் தவறவிட்டார் என்பதுகூடத் தெரியும். நாகரிகம் கருதி வெளியே சொன்னதில்லை.

இதை நம்பாத ஒரே ஆள் என் மச்சான், மனைவியின் தம்பி. தணிக்கை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ரசீது காட்டாவிட்டால் காலையில் சூரியன் உதித்ததையே ஒப்புக்கொள்ள மாட்டான்.

மனைவிக்குக் கொஞ்ச காலமாகப் பார்வை மங்கல். படம் பார்ப்பது போய், படம் கேட்பது என்றாகிவிட்டது. அவளுக்காகத்தான் மச்சான் ஹோம் தியேட்டர் வாங்கி வந்தான். டிவிக்குக் கீழே நடு ஸ்பீக்கர், பேச்செல்லாம் அதில்தான். சுற்றிலும் குட்டி ஸ்பீக்கர்கள், மூலையில் ஒரு கனத்த பெட்டி. முதல் வாரம் சொர்க்கம். அப்புறம் நடு ஸ்பீக்கருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பெண்கள் பேசினால் தேன். கட்டைக் குரலில் யாராவது வாயைத் திறந்தால் 'கர்ர்ர்' என்று ஓர் இழுப்பு, பாதி வசனம் காலி.

கடைக்குத் தூக்கிப் போனோம். மெக்கானிக் மேஜையில் வைத்துப் பாட விட்டார். ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்தது, மறுபடி கர்ர்ர். வயரை மாற்றினோம். அடியில் ரப்பர் வைத்தோம். அலமாரியில் இருந்த கண்ணாடிச் சாமான்களையெல்லாம் நோயாளிகள் மாதிரி கட்டிலில் படுக்க வைத்தோம். அந்த நடு ஸ்பீக்கர் எங்களை மதிக்கவே இல்லை.

"திருப்பிக் குடுத்துடுங்க. நான் ரேடியோவோட இருந்துக்கறேன்" என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அமைதியாகச் சொன்னாள். படம் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ரேடியோவுக்கு அந்த முகம் வராது. கடையிலோ ஞாயிறு வரைக்கும்தான் திருப்பி எடுப்பார்கள். மச்சான் அது வந்த அட்டைப்பெட்டியைத் தூசி தட்டிக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டான்.

நான் சமையலறைக்குப் போய் நீளமான மரக் கரண்டி ஒன்றை எடுத்து வந்தேன்.

"அது எதுக்கு அத்தான்?"

"கடிச்சுக் கேக்கறதுக்கு."

"அந்தக் கர்ர்ரே உங்க பல்செட் ஆடுற சத்தமா இருக்கும்."

நியாயமான சந்தேகம்தான். பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டேன். அதற்குப் பிறகு நான் பேசிய எதுவும் யாருக்கும் புரியாததால் விவாதம் சீக்கிரமே முடிந்தது.

வில்லன் மிரட்டுகிற காட்சியை மச்சான் திரும்பத் திரும்ப ஓட்டினான். நான் மண்டியிட்டேன், இரண்டு முழங்காலும் தனித்தனியே ஆட்சேபம் தெரிவித்தன. காம்பைக் கடித்துக்கொண்டு கரண்டியின் மறுமுனையை நடு ஸ்பீக்கரின் முதுகில் வைத்தேன். வில்லன் என் மண்டைக்குள் புகுந்து மிரட்டினான், குரல் சுத்தம். பக்கவாட்டில் சுத்தம். தலையில் சுத்தம். முன்பக்கத்துக்கு வந்தேன். அங்கே துணி போர்த்திய மூடி, அதைச் சுற்றி பிளாஸ்டிக் சட்டம். இடது மூலையில் பல் லேசாகக் கூசியது. வலது கீழ் மூலையைத் தொட்டதுதான் தாமதம், கீழ்ப்பல்லில் ஆயிரம் தேனீ குடியேறிவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒற்றைப் பல்லோடு உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

மூடியைப் பிடுங்கினேன். வில்லன் பளிங்கு மாதிரி பேசினான். மாட்டினேன், கர்ர்ர். கழற்றினேன், பளிங்கு. கடையில் மெக்கானிக் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் பாட விட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், துணியின் வலது கீழ் மூலையில் ஒரு சட்டைப் பொத்தான். நூல் தளர்ந்து, கட்டைக் குரல் வரும்போதெல்லாம் சட்டத்தில் இடித்திருக்கிறது. மனைவி கையால் தடவித் தடவித்தான் தூசி துடைப்பாள். ஸ்பீக்கரின் மெல்லிய முகத்தில் விரல் அழுந்திவிடக் கூடாதே என்று, தொட்டதும் தெரிகிற அடையாளமாக யாரோ பாசத்தோடு தைத்து வைத்திருந்தார்கள்.

யார் என்று நான் கேட்கவில்லை. மச்சானைப் பார்த்துச் சிரித்தேன், அவ்வளவுதான். பல்செட் இல்லாத வாயால் சிரித்தால் எதிராளிக்கு வலி அதிகம்.

"நூல் நல்ல கெட்டி நூல்தான்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பொத்தானை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டு வெல்வெட்டை ஒட்டினான். சாயங்காலம் அவள் ஒரு முழுப் படத்தை ஒரு வசனம் விடாமல் கேட்டாள். அழ வேண்டிய இடத்தில் அழுதாள், வில்லனைத் திட்ட வேண்டிய இடத்தில் பெயர் சொல்லித் திட்டினாள். அட்டைப்பெட்டி பரணுக்குப் போனது.

படம் முடிந்ததும் தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய், இவர் பல்லால கண்டுபிடிச்சேன்னு இனிமே வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லுவார். எனக்கு அவ்வளவு தூரம் சரியாத் தெரியல. நீ பக்கத்துலயே இருந்தியே. நெஜமாவா?"

மச்சான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தான். மாட்டினான். மறுபடி கழற்றினான்.

"நெஜந்தான்க்கா" என்றான். "பல்லாலதான். நான் பாத்தேன்."