தொழிலுக்கு ஆகுமா இந்தப் போன்

மங்கையர்க்கரசி பெரியம்மா துண்டில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். பெங்களூரில் இருக்கும் மகள் நித்யஸ்ரீ பொங்கலுக்கு வாங்கித் தந்தது. பழைய பட்டன் போனில் இருந்த சிம்மை இதில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"இது தொழிலுக்கு ஆகுமா ஆகாதான்னு பாத்துச் சொல்லுடா அஷ்வின். நீதான் சென்னையில ராவெல்லாம் போன்லயே உத்தியோகம் பாத்தவன்."

"விட்டுட்டு வந்துட்டேன் பெரியம்மா."

"அதான் பகல்ல கைக்கு கெடைக்கிற."

திருநள்ளாற்றில் நளன் குளத்துக்குப் பின்தெருவில் அவளுக்கு ஒரு சின்ன லாட்ஜ். பெரியப்பா செத்த பிறகு அவளேதான் நடத்துகிறாள். வெளியூர்க்காரர்கள் போன் போட்டு, சனிக்கிழமைக்கு அறை சொல்லி வைப்பது வழக்கம். சில மாதமாக யாரும் கூப்பிடவில்லை. நேரில் வந்து கேட்கிறவர்கள்தான். பாதி அறைகள் பூட்டியே கிடந்தன. பக்கத்து லாட்ஜ் மருதையனோ மொட்டை மாடியில் பாய் விரித்தெல்லாம் ஆட்களைத் தங்க வைத்தார். பெரியம்மாவின் லாட்ஜையும் குத்தகைக்குக் கேட்டிருந்தார். அன்று சாயங்காலம் பதில் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஊரு உலகமே ஏழரைய எறக்கி வைக்க வர்ற எடத்துல உக்காந்துக்கிட்டு, எனக்கு ஏழரை புடிச்சிருக்கு பாரு" என்றாள் பெரியம்மா. "போன்ல கோளாறுன்னா சொல்லு, மாத்திப் பாப்போம். போன் நல்லாத்தான் இருக்குன்னா என் நேரம் சரியில்ல. மருதையன்கிட்ட குடுத்துட்டு, மக வீட்டுல இட்லி ஊத்திக்கிட்டுக் கெடக்கேன்."

முறையாகவே சோதித்தேன். இந்த ஊரில் சனிக்கிழமை எல்லார் கையிலும் நல்லெண்ணெய் இருக்கும் என்பதால் விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். திறந்தது. வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். எழுத்து தெரிந்தது. ஓர் அறையைப் படம் எடுத்தேன். சுவரில் இருந்த ஈரக்கறை படத்தில் காணவில்லை.

"இதுல பாத்தா நானே வந்து தங்கிடுவேன்."

"நீ வந்தா போவமாட்ட."

கடைசியாக என் போனிலிருந்து கூப்பிட்டேன். தெருமுனை வரை கேட்கிற மாதிரி அலறியது.

"ஒரு குறையும் இல்ல. இத வச்சு பெரிய கம்பெனியே நடத்தலாம்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. "சரி. அப்ப என் நேரந்தான்" என்றாள்.

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. திண்டுக்கல்லிலிருந்து மாதாமாதம் ஆட்களை ஏற்றிவரும் டிரைவர் தியாகராசன், இறங்கும்போதே சத்தம் போட்டார்.

"ஏம்மா, போனை எடுக்கக் கூடாதுன்னு விரதமா? போன மாசமும் எடுக்கல. மருதையன் லாட்ஜுல கொண்டு எறக்குனேன். இன்னைக்கு அங்க எடமில்ல."

"எனக்கு ஒரு போனும் வரலையேப்பா."

"ரிங் போவுதே! இந்தா பாருங்க."

எங்கள் முன்னாலேயே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். அவர் கையில் மணி அடித்தது. பெரியம்மாவின் போன் மேஜையில் பேசாமல் கிடந்தது.

நான் எடுத்து, வந்த அழைப்புகளைத் திறந்தேன். பெயரில்லாத எண்கள் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. பெரியம்மா அந்தப் பக்கம் போனதே இல்லை. சொந்தக்காரர்களின் படங்களை மகள் முகப்பில் வைத்துக் கொடுத்திருந்தாள். படத்தைத் தொட்டால் பேசலாம். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

நித்யஸ்ரீயைக் கூப்பிட்டோம்.

"ஆமா, நான்தான் செட் பண்ணேன்" என்றாள் பெருமையாக. "பேர் சேவ் பண்ணாத நம்பர் எதுவும் அடிக்காது. பேங்க்லேருந்து பேசுறேன்னு எவனாச்சும் ஏமாத்திட்டா? தெரிஞ்சவங்க பேசினா போதும்மா."

"தெரிஞ்சவன் எவன்டி காசு குடுத்து லாட்ஜுல தங்குறான்? தெரிஞ்சவனெல்லாம் வீட்டுக்கு வந்து சோறுல்ல திங்கிறான்!" சொல்லும்போது பெரியம்மா என்னைப் பார்த்தாள்.

நியாயம்தான். நான் செய்ததும் தெரிந்தவனின் சோதனைதான். எண்ணெய், வெயில், கேமரா எல்லாம் பார்த்தவன், யாரென்றே தெரியாத ஒருவன் கூப்பிட்டால் இது வாயைத் திறக்குமா என்று பார்க்கவில்லை. லாட்ஜுக்கு அது ஒன்றுதான் வேண்டும். போனில் மகள் போட்டிருந்த அந்தப் பூட்டை எடுத்துவிட்டேன்.

வேன் ஆட்கள் அறைகளுக்குள் மூட்டைகளை வைத்துக்கொண்டிருந்தபோது மருதையன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன முடிவு பண்ணீங்கம்மா?" என்று அவர் கேட்கவும் போன் அடித்தது. பெரியம்மா பாய்ந்து எடுத்தாள். யாரோ ஒரு பையன் தனிநபர் கடன் வேண்டுமா என்றான்.

"வச்சிடுங்க பெரியம்மா" என்றேன். கையால் என்னைத் தள்ளினாள்.

"கடன் கெடக்கட்டும் தம்பி, உங்க ராசி என்ன? ... சிம்மமா! அட பாவமே, அஷ்டமத்துலல்ல சனி பகவான் இருக்காரு. அதான் ஊருல உள்ளவனுக்கெல்லாம் போன் போட்டுத் திட்டு வாங்க வச்சிருக்காரு. ஒரு சனிக்கிழமை வந்து எண்ணெ தேச்சு முழுகிட்டுப் போங்க. கொளம் நடக்குற தூரம். வெந்நி உண்டு. எத்தன பேரு வருவீங்க?"

மருதையன் என் பக்கம் குனிந்தார். "கடன் குடுக்கிறவனுக்கே ரூம் குடுக்குறாங்களே?"

பெரியம்மா போனைப் பொத்திக்கொண்டு அவரிடம் சொன்னாள்: "குத்தகை இல்லிங்க. உங்களுக்கு எடம் பத்தலன்னா ஆள இங்க அனுப்புங்க." பிறகு பொத்திய கையை எடுத்து, "அம்மாவையும் கூட்டிக்கிட்டு வர்றீங்களா? முட்டி வலின்னா கீழ் ரூம்பு தர்றேன் தம்பி" என்றாள்.

மருதையன் எழுந்து செருப்பை மாட்டினார்.